நாற்பது வட்டங்களும் ஊசியக்காவும்

“நான் கை வெச்ச எடத்துலேருந்து வெறுங்கையா திரும்பினதா சரித்திரமே கிடையாது!”

இப்படி முழங்கியவர் படை நடத்திய தளபதி அல்ல. அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் ஊசி பிடித்தவர். வேலையில் வெள்ளிவிழா கண்ட அன்று, எண்பது பேர், நாலு தட்டு பிஸ்கட், வேலை செய்யாத ஒரு மைக் ஆகியவற்றின் முன்னிலையில் சொன்னார். மைக் வேலை செய்யாததால் சாதாரணக் குரலிலேயே பேசினார். மூன்றாவது மாடியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது. சரித்திர ஆசிரியர் எவரும் அந்த அறையில் இல்லாததால் மறுப்பு எழவில்லை.

இருந்திருந்தாலும் எழுந்திருக்காது. ஏனென்றால் சரித்திரம் அதுவரை அவர் பக்கம்தான் இருந்தது. ஊசியைக் கண்டதும் ஓடி ஒளிகிற நரம்புகள் உண்டு. மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைவார்கள். அப்போது யாராவது, “ஊசியக்காவைக் கூப்பிடுங்கப்பா” என்பார்கள். அக்கா வருவார். ரப்பர் பட்டையை இறுக்குவார், இரண்டு விரலால் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு, “எங்கடா ஒளிஞ்சிருக்க? வா வெளியே” என்று நரம்பிடம் நேரடியாகப் பேசுவார். அது வரும். வராமல் அதற்கு வேறு வழி கிடையாது.

வீட்டிலும் இதே ராஜ்யம்தான். கடை அடைக்கிற நேரத்தில் போனாலும் பை நிறைந்துதான் திரும்பும். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வீட்டுக்காரர், “இவளைப் பாலைவனத்துல விட்டாலும் ரெண்டு பை நிறைய எதையாவது கொண்டுவந்து, வெக்கிறதுக்கு எடம் இல்லன்னு என்னைத் திட்டுவா” என்று நண்பர்களிடம் பெருமைப்படுவதுபோலப் புலம்புவார், புலம்புவதுபோலப் பெருமைப்படுவார்.

இப்படிப்பட்டவரை மான்களின் பக்கம் இழுத்து விட்டது, வேறு யார், நாத்தனார்தான்.

வீட்டுக்காரரின் தங்கையான அவர், ஊரின் விளிம்பில், காடு தொடங்குகிற இடத்தில் செடி கன்றுகள் விற்கிறார். அவருடைய ரோஜாக்கள் மொட்டு விட்ட மறுநாள் காலையில் காம்பாக நிற்பது வழக்கமாகிவிட்டது. “போன மாசம் மட்டும் முப்பது மான் அண்ணி! முப்பது! நான் என் கண்ணால எண்ணினேன்” என்று அக்காவிடம் குமுறியதோடு, அதையே நகரசபைக்கு மனுவாகவும் எழுதிவிட்டார். மனு போன நேரமோ என்னவோ, காட்டில் மான் எத்தனை என்று மதிப்பிடத் தொண்டர்கள் தேவை என அறிவிப்பு வந்தது.

“நீங்களும் வரணும் அண்ணி.”

“எனக்கெதுக்கும்மா மானும் மயிலும்?”

“எத்தனை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எத்தனை சுடணும்னு தெரியும்? உங்களை விட்டா தேடிக் கண்டுபிடிக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?”

கடைசி வாக்கியம் வேலை செய்தது. அக்கா பெயர் கொடுத்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் வனவிலங்கு அலுவலகத்து ஆய்வாளர். சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் உருண்டை நூல் பிதுங்கிக்கொண்டிருப்பதால் ஊர் அவரை நூல்கண்டு என்றே அழைத்தது. நல்ல உயரம். குரல்தான் உயரத்துக்குச் சம்பந்தமில்லாமல், பக்கத்து ஆளுக்கே கடன் கேட்பதுபோல் ஒலிக்கும். மானை எண்ண மானைப் பார்க்கத் தேவையில்லை, புழுக்கையைப் பார்த்தால் போதும் என்று அவர் விளக்கியபோது, தொண்டர்களிடையே ஒரு சலசலப்பு ஏற்பட்டது. மாதிரிக்குக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்ததும் சலசலப்பு மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஊசியக்கா மட்டும் நாலு புழுக்கையைக் காகிதத்தில் தட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மனுஷனோடதையே இருபத்தஞ்சு வருஷமா டப்பா டப்பாவாப் பார்த்தாச்சு. இது எவ்வளவோ தேவலை. ஜீரணம் நல்லா இருக்கு, கவலைப்பட வேண்டாம்” என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கணமே, ஓட்டெடுப்பு எதுவும் இல்லாமல், அவர் தொண்டர்களின் தலைவியானார்.

முறை மிக எளிது. ஒவ்வொரு ஜோடிக்கும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு. கோட்டின் வழியே நடந்து, ஐம்பது மீட்டருக்கு ஒரு முளை குத்த வேண்டும். முளையில் மூன்று மீட்டர் நூலைக் கட்டிச் சுற்றி வந்தால் ஒரு வட்டம். அதற்குள் எத்தனை புழுக்கைக் குவியல் என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். ஒரு கோட்டுக்கு நாற்பது வட்டம். ஒரு மான் ஒரு நாளில் எத்தனை முறை போகும் என்பதற்கு அறிஞர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மீதியை வகுத்தல் பார்த்துக்கொள்ளும்.

“முளை எங்க விழுதோ அங்கதான் எண்ணணும். ஒண்ணுமில்லன்னா ஜீரோன்னு எழுதிட்டு அடுத்த வட்டத்துக்குப் போயிடணும்” என்றும் நூல்கண்டு சொன்னார். தன் வழக்கமான குரலில் சொன்னார். ஆகவே யார் காதிலும் விழவில்லை.

முதல் ஞாயிறு. முதல் வட்டத்தில் இரண்டு குவியல். அக்கா தாளில் கம்பீரமாக ‘2’ போட்டார். இரண்டாவது வட்டத்தில் சருகு இருந்தது; இரண்டு எறும்புப் புற்று இருந்தது; யாரோ தின்றுவிட்டுப் போட்ட மிட்டாய்க் காகிதம் இருந்தது. வேறொன்றுமில்லை.

“ஜீரோ போடுங்க அண்ணி, போலாம்” என்றார் நூலைப் பிடித்திருந்த நாத்தனார்.

“ஜீரோவா? நானா?” அக்கா குனிந்தார். புல்லை விலக்கினார். “எங்கடா ஒளிஞ்சிருக்க?” என்றார். இரண்டு எட்டு தள்ளி, ஒரு புதரின் நிழலில், ஐந்து குவியல்கள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான். முளையைப் பிடுங்கினார், புதருக்குப் பக்கத்தில் குத்தினார். நூலும் மறுபேச்சு பேசாமல் கூடவே வந்தது. தாளில் ‘5’.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கா மனதார நம்பினார்: இருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தானே ஆளை அனுப்புகிறார்கள்? தேடாமல் திரும்புவதற்கு எதற்கு ஆள்? இந்த ஞானத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், அங்கே நின்றபடியே மற்ற இருபத்தொரு ஜோடிகளுக்கும் போன் செய்து பகிர்ந்துகொண்டார்.

“காலியா இருந்தா ரெண்டு எட்டு தள்ளிக் குத்துங்க. முளைக்கு என்ன, வேரா விட்டிருக்கு?”

இருபத்திரண்டு கோடுகள், எண்ணூற்று எண்பது வட்டங்கள். தாள்கள் வந்து சேர்ந்தபோது ஒன்றிலும் ஒரு பூஜ்யம்கூட இல்லை. வகுத்தல் தன் வேலையைச் செய்தது. காட்டில் ஆயிரத்து நூற்று எழுபது மான்கள்!

அத்தனை மான்களும் ஒரே நேரத்தில் உட்கார நினைத்தால் அந்தக் காட்டில் இடம் போதாது. ஆனால் ஊர் மகிழ்ச்சியில் இருந்தபோது இந்தச் சில்லறை விஷயத்தை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ஊசியக்காவுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. இருபத்திரண்டு ஜோடிகளும் நிற்கும் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. அதில் தபால்காரரின் பாதி முகம் மட்டும் விழுந்ததால் அவர் ஐம்பது பிரதி வாங்கி, இது தன் முகம்தான் என்று ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டுத் தெரு முழுக்க விநியோகித்தார். நகரசபைத் தலைவர் ஊர் நுழைவில் ஒரு பலகை நட்டார்: “1,170 மான்கள் உங்களை வரவேற்கின்றன.”

வரவேற்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே, இத்தனை மான் ஊருக்கு ஆகாது, தோட்டம் மிஞ்சாது, ஐந்நூறைச் சுட்டுக் குறைப்பது என்று தீர்மானம் வந்தது. வெளியூரிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் அடுத்த மாதம் முதல் தேதி வருவார்கள். பலகையைத் திருத்த பெயிண்டருக்கு யார் சொல்வது என்பது ஒன்றுதான் கூட்டத்தில் எழுந்த ஆட்சேபம். நாத்தனார் கை தட்டினார். ஊசியக்காவும் தட்டினார். ஐந்நூறு போனாலும் அறுநூற்றெழுபது மிச்சம். அதற்கென்ன, தாராளமாக இருக்கிறதே என்று நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பேக்கரிக்காரர் ரத்தம் கொடுக்க வந்தார். அடுப்புச் சூடு பட்டுத் தழும்பேறிய கனமான கை. நரம்பு இருக்கும் அறிகுறியே இல்லை. அக்கா பட்டையை இறுக்கித் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் நரம்புகள் வடக்கயிறுபோல ஓடின.

பேக்கரிக்காரர் அதைப் பார்த்தார். “ஏங்க்கா இவ்வளவு கஷ்டப்படுறீங்க? அவர் கையில கயிறு கயிறா ஓடுது பாருங்க. அதுல ரெண்டு குழாய் எடுத்து என் பேரை ஒட்டிடுங்களேன், உங்களுக்கும் வேலை முடிஞ்சுது, எனக்கும் வலியில்ல.”

கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். “நல்லா இருக்கே கதை! அவர் ரத்தத்துல உங்க பேரை ஒட்டினா, உங்களுக்கு இல்லாததெல்லாம் இருக்குன்னு வரும். அதை நம்பி டாக்டர் கத்தியைத் தூக்கி…”

அங்கேயே நின்றுவிட்டார். ஊசி அந்தரத்தில் நின்றது. இரண்டு எட்டு தள்ளி, ஒரு புதரின் நிழலில் தான் கம்பீரமாகக் குத்திய முளை அவர் கண் முன்னே வந்து நின்றது.

“என்னாச்சுக்கா? அவ்ளோ மோசமா என் கை?” என்றார் பேக்கரிக்காரர் பயந்துபோய்.

“உங்க கை இல்ல. என் கை” என்றார் அக்கா. அந்த நிலையிலும் நரம்பைக் கண்டுபிடித்து இரண்டு குழாய் நிரப்பினார், பழக்கதோஷம். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு தெரு நடந்து வனவிலங்கு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நூல்கண்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். ஒருமுறை இதே அக்காவிடம் ரத்தம் கொடுத்து மயங்கி விழுந்தவர் அவர்.

“உக்காருங்க, குத்த வரல. எண்ணூத்தி எண்பது வட்டம். ஒரு ஜீரோகூட இல்ல. உங்களுக்கு சந்தேகமே வரலியா?”

“வந்துச்சுக்கா.”

“அப்புறம் வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னேங்க்கா. பயிற்சியில ரெண்டு தடவ. கூட்டத்துல ஒரு தடவ. ரிப்போர்ட்லகூட எழுதியிருக்கேன். பதினாலாம் பக்கம்.”

“பதினாலாம் பக்கம் எவன் படிப்பான்?”

“யாரும் படிக்கலக்கா” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

“சரி. நேரா சொல்லுங்க. காலி வட்டத்தையும் சேர்த்தா, நெசமா எத்தனை மான் இருக்கும்?”

நூல்கண்டு பையிலிருந்த நூலை உருட்டினார். “முந்நூறு இருந்தாலே அதிகம்.”

முந்நூறில் ஐந்நூறைக் கழிக்கும் கணக்கை ஊசியக்கா மனதுக்குள் போட்டுப் பார்த்தார். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் காட்டில் ஒரு மான்கூட மிஞ்சவில்லை.

இருவரும் போய்ச் சொன்னபோது நகரசபைத் தலைவர் லேசில் இறங்கி வரவில்லை. பலகை புதிது, பெயிண்ட் இன்னும் மினுமினுப்பாக இருந்தது. “ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்றேன். திரும்ப எண்ணுங்க. புதுக் கணக்கு நம்பற மாதிரி இருந்தா உத்தரவை வாபஸ் வாங்கலாம். கொஞ்சமாவது இடிச்சுதுன்னா முதல் தேதி துப்பாக்கி வரும்” என்றார்.

தொண்டர்களைச் சமாளிப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. பள்ளிக்கூட அறை ஒன்றில் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருந்த நாற்பத்து நாலு பேரின் முன்னால் அக்கா எழுந்து நின்றார். பேக்கரிக்காரர் கதையைச் சொன்னார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“நாம செஞ்சது அதேதான். காலி எடத்துக்குப் பக்கத்து எடத்தோட ரத்தத்தை எடுத்து ஒட்டிட்டோம். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். தப்பு என்னோடது. இந்த வார்த்தை என் வாயிலேருந்து வர்றது இதுதான் முதல் தடவை, எங்க வீட்டுக்காரர் இல்லாத எடமாப் பார்த்துச் சொல்றேன். யாரும் போய் ஒப்பிச்சுடாதீங்க.”

“அப்ப பேப்பர்ல வந்த போட்டோ?” என்றார் தபால்காரர், பாதி முகத்தின் முழு வேதனையோடு.

“போட்டோவை யாரும் பிடுங்கல. கணக்கைத்தான் திருப்பிக் கொடுக்கப் போறோம்.”

நூல்கண்டு முன்னால் வந்து விதிகளைச் சொன்னார். இந்த முறை அக்கா பக்கத்தில் நின்று, அவர் முணுமுணுத்த ஒவ்வொன்றையும் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். முளை விழுந்த இடம் விழுந்ததுதான். தாளில் கோட்டின் எண் மட்டும், பெயர் கிடையாது. போன முறை நடந்த கோட்டில் யாரும் நடக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கல்.

ஊசியக்காவுக்கு வந்தது பதினாறாம் கோடு. அறையில் அனுதாபப் பெருமூச்சு ஒன்று எழுந்தது. பதினாறு என்றால் மொட்டைப் பாறை. காட்டின் உச்சியில் புல்லே யோசித்துத்தான் முளைக்கும்.

“அக்கா, அங்க ஒண்ணும் தேறாது. எங்களுக்கு ஓடைக்கரை வந்திருக்கு, மாத்திக்கலாமா?” என்றார் தபால்காரர்.

அக்காவின் முகத்தில் ஆசை ஒரு வினாடி வந்து உட்கார்ந்தது. பிறகு அவரே அதை எழுப்பி அனுப்பினார். “அதுவும் முளையைத் தள்ளிக் குத்துற வேலைதான். வேண்டாம்.”

ஞாயிறு காலை. பாறைமேல் வெயில் அதற்குள் ஏறியிருந்தது. முதல் வட்டத்தில் கல். இரண்டாவதில் கொஞ்சம் பெரிய கல். அக்கா பேனாவை எடுத்துத் தன் வாழ்க்கையின் முதல் பூஜ்யத்தை எழுதினார். கைக்குப் பழக்கமில்லாததால் அது முட்டையாக வராமல் உருளைக்கிழங்காக வந்தது. பத்தாவது வட்டத்துக்குள் வடிவம் பிடிபட்டுவிட்டது.

“பரீட்சையில நான் வாங்கினதைவிட ஜாஸ்தியா வாங்கிட்டீங்க அண்ணி” என்றார் நாத்தனார்.

“நூலைத் தொய்ய விடாம பிடி. வாயைத் தொய்ய விடு, பரவாயில்ல.”

இருபத்தேழாவது வட்டத்தில் நாத்தனார் நின்றார். “அந்தச் செடிக்கிட்ட ஏதோ கறுப்பாத் தெரியுது. நூலுக்கு வெளியே நாலே எட்டு.”

“முளை எங்க இருக்கு?”

“இங்க.”

“அப்ப நமக்கு அது தெரியல.”

“கண்ணுக்கு முன்னால இருக்கே அண்ணி!”

“உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு சர்க்கரை இருந்தா உனக்கு மாத்திரை எழுதலாமா? நட.”

முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. தாள் முழுக்க முட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எந்தப் பெரிய டாக்டர் முன்னாலும் தாழாத அக்காவின் தலை, தாளைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது. நாற்பதாவது இடத்தில் முளையைக் குத்தினார்கள். நூலைக் கட்டுவதற்கு முன் பத்தடி தள்ளி ஒரு பெரிய பாறையின் பின்னால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

அப்போதுதான் அது வந்தது.

இரண்டு முறை காடு முழுக்கச் சுற்றியும் ஒரு மானைக்கூட நேரில் கண்டிராத ஊசியக்காவின் முன்னால், காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் மனித வாடை தெரியாமல், ஒரு பெண் மான் கற்களுக்கிடையே கால் வைத்து இறங்கியது. ஒரு காது கிழிந்து தொங்கியது. முளையருகே நின்றது. முளையை முகர்ந்தது. திரும்பியது.

நாத்தனார் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக் கிசுகிசுத்தார். “அண்ணி, அதுதான்! கிழிஞ்ச காது! தினம் காலையில வந்து என் ரோஜாவைத் தின்னுட்டுப் போறது இதுதான்!”

“தினமும் இதேவா?”

“இதேதான்! எனக்குத் தெரியாதா?”

“அப்ப நீ மனுவுல எழுதின முப்பது மான்?”

நாத்தனார் போன மாதத்துக் காலைகளை விரல் மடக்கி எண்ணினார். ஒவ்வொன்றிலும் அதே கிழிந்த காதுதான் வந்தது.

மான் ஐந்தாறு எட்டு நடந்து வாலைத் தூக்கியது. பாறைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். விஞ்ஞானத்துக்குத் தன் பங்கைச் செலுத்திவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல், அது சரிவில் இறங்கி மறைந்தது.

“விழுந்துச்சு அண்ணி! பளபளன்னு! ஓடி வாங்க!” நாத்தனார் குதித்தார். மானின் ஜன்மவிரோதியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

அக்கா நூலை முளையில் கட்டினார். நாத்தனார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். நூல் விறைத்தது. குவியல் நூலுக்கு வெளியே இருந்தது. ஒரு சாண்.

“இன்னும் கொஞ்சம் விடுங்க அண்ணி!”

“நூல் இழுத்தா நீளுமா?”

மறுபடி அளந்தார்கள். ஒரு சாண். முடிச்சை அவிழ்த்துக் கட்டி மூன்றாம் முறை அளந்தார்கள். அதே சாண். நாத்தனார் முளையைப் பார்த்தார். “அண்ணி, ஒரே ஒரு சாண். கல்லு தரை, முளையே சாஞ்சுதான் நிக்குது. லேசா நிமிர்த்தினாப் போதும். மான் வந்ததை நாம ரெண்டு பேரும் பார்த்தோம். இது பொய்யே இல்ல. உங்களுக்காகத்தான் கெஞ்சறேன். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்க.”

அக்கா குவியலின் அருகே குனிந்து உட்கார்ந்தார். நல்ல ஜீரணம். ரோஜா இதழின் ஒரு துணுக்குகூடத் தெரிந்தது. பிறகு எழுந்து, தாளை முழங்காலில் வைத்து, நாற்பதாவது கட்டத்தை நிரப்பினார். அன்று எழுதியவற்றிலேயே மிக வட்டமான பூஜ்யம் அதுதான் என்று நாத்தனார் பின்னர் எல்லோரிடமும் சொன்னார்.

நகரசபைக் கூடத்தில் நாற்காலி கிடைக்காமல் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. நூல்கண்டு புதிய கணக்கை வாசித்தார். இருநூற்று எண்பத்தாறு மான்கள். தலைவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

“பதினாறாம் கோடு. நாற்பது வட்டம், நாற்பதும் ஜீரோ. ஏங்க, ஒரு காட்டுல நாற்பது எடத்துல ஒண்ணுகூடவா கெடைக்காது? யாரோ காட்டுப் பக்கமே போகாம, வீட்டுல உக்காந்து முட்டை போட்டிருக்காங்க. ஒரு தாள் பொய்னா மத்ததை எப்படி நம்பறது? கணக்கு இடிக்குது. பழைய உத்தரவே…”

“அது என் தாள்” என்று ஒரு குரல் கேட்டது.

கூட்டம் திரும்பியது. ஊசியக்கா எழுந்து நின்றார்.

அந்தக் கூடத்தில் ஏதாவது ஒரு நாளில் அவரிடம் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டாதவர் ஒருவரும் இல்லை. தலைவரின் நரம்பு ஊரிலேயே பெரிய கோழை. ஐந்து பேர் தோற்ற பிறகு அக்காதான் அதைப் பிடித்தார். இவர் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருள் அங்கே இருக்கவே முடியாது என்பது ஊரறிந்த சமாச்சாரம். முணுமுணுப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைக்கு வந்தது.

“நீங்களா போனீங்க?” தலைவரின் குரல் இறங்கியது. “நீங்க தேடியுமா?”

“தேடல. முளை விழுந்த எடத்துல பார்த்தேன். நாற்பது எடத்துலயும் பார்த்தேன்.”

“நான் கூட இருந்தேன்!” நாத்தனார் நாற்காலிமேல் ஏறிவிட்டார். “கடைசி வட்டத்துல ஒரு சாண் தள்ளி ஒரு குவியல், சூடு ஆறாதது. எழுதுங்கன்னு நான் கெஞ்சினேன். கேக்கல! இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் மனுவுல எழுதின முப்பது மான், முப்பது இல்ல. ஒண்ணு. முப்பது நாள் வந்துச்சு. அதைச் சுட வேண்டாம், எனக்கு ஒரு கம்பிவேலி போட்டுக் கொடுங்க, போதும்!”

சிரிப்பு கூரையைத் தூக்கியது. தலைவர் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தன் முழங்கையின் உட்பக்கத்தைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டார். பிறகு உத்தரவை வாபஸ் வாங்க ஓட்டுக்கு விட்டார். பதினோரு உறுப்பினர்களில் பதினோரு கைகளும் உயர்ந்தன. தபால்காரர் விசிலடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நூல்கண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். என்ன கத்தினார் என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை.

ஆரவாரம் ஓயட்டும் என்று காத்திருந்த நகரசபை எழுத்தர், நடவடிக்கைப் புத்தகத்தோடு அக்காவிடம் வந்து குனிந்தார். “மேடம், பதிவுல எழுதணும். பதினாறாம் கோட்டுல மொத்தம் எத்தனை கெடைச்சுதுன்னு போடட்டும்?”

“ஒண்ணும் கெடைக்கலன்னு போடுங்க” என்றார் ஊசியக்கா. எழுத்தர் எழுதி முடித்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “கீழ என் பேரையும் போடுங்க” என்றார்.